பரிணாமமும் சிற்றினமாதலும்: திருப்புதல் நேரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடம் ஒருமுறை நடந்து முடிந்தபின், தேர்வுக்கு முன் திரும்பப் படிக்கும்போது எழும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் சொல்லவில்லை. வழுக்கி விழும் இடங்களில் நின்று பேசியிருக்கிறோம், மற்ற இடங்களில் இரண்டு வரியோடு நகர்ந்துவிட்டோம்.

## பரிணாமத்தை ஒரே வரியில் எழுதச் சொன்னால் எதை எழுதுவது?

"ஓர் இனக்கூட்டத்தில் அல்லீல்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது." இது போதும். இனக்கூட்டம் என்பது ஓரிடத்தில் வாழும் ஒரே வகை உயிரிகளின் கூட்டம், அல்லீல் என்பது ஒரு மரபணுவின் மாற்று வடிவம். "எளிய உயிரி சிக்கலான உயிரியாக முன்னேறுவது" என்று எழுதினால் தவறு. குகை மீன் கண்ணை இழந்ததும் நாடாப்புழு குடலை இழந்ததும் பரிணாமம்தான். அந்த வரியில் மூன்று சொற்களை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: இனக்கூட்டம், அல்லீல், தலைமுறை. தவறான விடை ஒன்றை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று அதில் காணாமல் போயிருக்கும்.

## தனி உயிரி பரிணமிப்பதில்லை என்கிறார்கள். அப்படியானால் மாறுவது எது?

கணக்கு மாறுகிறது. காலபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் குருவிகளுக்குக் கால்வளையம் மாட்டி, ஒவ்வொன்றின் அலகையும் அளந்து, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது. சிறிய, மெல்லிய விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியது பெரிய கடின விதைகள், அதிலும் குறிப்பாக நெருஞ்சி இனத்துச் செடி ஒன்றின் முள்காய். அதை உடைக்க ஆழமான அலகு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவிகளில் சுமார் 85 விழுக்காடு செத்துப்போயின. பிழைத்தவற்றின் சராசரி அலகு ஆழம், வறட்சிக்கு முன் இருந்த சராசரியைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடுதல்.

இங்கே கவனிக்க வேண்டியது, எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை என்பது. சிற்றலகுக் குருவிகள் செத்ததால் சராசரி ஏறியது. அது மட்டும் இருந்தால் வெறும் இயற்கைத் தேர்வு, அதைப் பரிணாமம் என்று சொல்ல முடியாது. அலகின் ஆழம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் பண்பு என்பதால் அடுத்த தலைமுறையின் அலகும் பெரிதாகவே இருந்தது. அந்த இடத்தில்தான் பரிணாமம் நடந்தது.

1983-ல் அடைமழை கொட்டிச் சிறுவிதைகள் மலிந்தன. அதற்குப் பின் தேர்வு எதிர்த்திசையில் திரும்பியது. "பெரிய அலகு சிறந்தது" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த ஆண்டில், எந்த விதைக்கு என்று சேர்த்து எழுதுங்கள்.

## இயற்கைத் தேர்வு வினாவுக்கு முழு மதிப்பெண் விடை எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி பூச்சிக்கொல்லியைப் பற்றியதோ ஒட்டகச்சிவிங்கியைப் பற்றியதோ, விடையில் நான்கு படிகள் இருக்க வேண்டும். இனக்கூட்டத்தில் ஏற்கனவே வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாட்டுக்கு மரபணு அடிப்படை உண்டு. ஒரு குறிப்பிட்ட சூழலில் சில வகை உயிரிகள் மற்றவற்றைவிட அதிகக் குட்டிகளை விட்டுச் சென்றன. ஆகவே அடுத்த தலைமுறையில் அந்த அல்லீலின் விகிதம் கூடியது.

கடைசிப் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். "வலியது பிழைத்தது" என்பதோடு நிறுத்தினால் விடை பாதியில் நிற்கிறது. தகுதி என்பது உடல்பலம் அல்ல, விட்டுச் செல்லும் வாரிசுகளின் எண்ணிக்கை. நூறு ஆண்டு வாழ்ந்து ஒரு குட்டியும் ஈனாத உயிரியின் தகுதி பூஜ்யம். ‘தக்கன பிழைத்தல்’ என்ற தொடரை உருவாக்கியவர் டார்வின் அல்ல, ஹெர்பர்ட் ஸ்பென்சர். 1864-ல் அவர் எழுதியதை டார்வின் பின்னால் எடுத்துக்கொண்டார். ஒரு மதிப்பெண் வினாக்களில் இது வருவதுண்டு.

## "தேவைப்பட்டதால் மாறியது" என்று எழுதினால் ஏன் மதிப்பெண் போகிறது?

காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்கிவிடுவதால். சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் திடீரென நேரும் மாற்றம், தேவையைப் பார்த்து வருவதில்லை. எஸ்தர் லெடர்பெர்க்கும் ஜோஷுவா லெடர்பெர்க்கும் 1952-ல் வெளியிட்ட சோதனை இதைக் கண்முன் காட்டுகிறது. ஒரு தட்டில் பாக்டீரியாக் கூட்டங்களை வளர்த்தார்கள். வெல்வெட் துணியை அதன்மேல் மெதுவாக ஒற்றி, அதே அமைப்பை மருந்து கலந்த பல தட்டுகளில் முத்திரைபோலப் பதித்தார்கள். எல்லா மருந்துத் தட்டுகளிலும் ஒரே இடங்களில்தான் கூட்டங்கள் வளர்ந்தன. பிறகு மருந்தையே பார்த்திராத மூலத்தட்டில் அதே இடத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்துச் சோதித்தார்கள். அங்கேயும் எதிர்ப்புத்திறன் இருந்தது. ஆக, எதிர்ப்புத்திறன் மருந்துக்கு முன்பே வந்துவிட்டது. மருந்து செய்ததெல்லாம் மற்றவற்றைக் கொன்றதுதான்.

வினைச்சொல்லை மாற்றினாலே விடை பாதி சரியாகிவிடும். "பாக்டீரியா மருந்துக்குப் பழகிக்கொண்டது" என்பதற்குப் பதில் "மருந்தைத் தாங்கும் அல்லீல் கொண்டவை பிழைத்துப் பெருகின" என்று எழுதுங்கள். "பழகியது, முயன்றது, கற்றுக்கொண்டது, வளர்த்துக்கொண்டது" ஆகிய நான்கு சொற்களில் ஏதாவது ஒன்று உங்கள் விடையில் தென்பட்டால் அந்த வாக்கியத்தை மறுபடி படியுங்கள்.

## கருப்பு அந்துப்பூச்சி உதாரணம் பொய் என்று நிரூபிக்கப்பட்டுவிட்டதாமே?

இல்லை. புகைக்கரி படிந்த மரங்களில் கருப்புப் பூச்சிகள் பறவைகளின் கண்ணில் படாமல் தப்பிப் பெருகின என்பதுதான் அந்த உதாரணம். மான்செஸ்டரில் கருநிறப் புள்ளி அந்துப்பூச்சி 1848-ல் பதிவானது. 1895-க்குள் அந்த வட்டாரத்தில் 98 விழுக்காடு பூச்சிகள் கருப்பு. எந்த நிறப் பூச்சியைப் பறவைகள் அதிகம் தின்கின்றன என்று பார்க்க 1950-களில் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் செய்த சோதனைகளில் குறைகள் இருந்தது உண்மை. ஓரிடத்தில் அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் பூச்சிகளை விட்டார். பாடநூல்களில் வந்த படங்களில் பல, இறந்த பூச்சிகளை மரத்தண்டில் பொருத்தி எடுத்தவை. அந்தக் குறைகளைத் தவிர்த்து மைக்கேல் மஜேரஸ் 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளைக் கொண்டு சோதனையைத் திரும்பச் செய்தார். காற்று சுத்தமான அந்தக் காலத்தில் பறவைகள் கருப்புப் பூச்சிகளையே அதிகம் தின்றன. கருமைக்குக் காரணம் கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் புகுந்த ஒரு தாவும் மரபணுத் துண்டு என்று 2016-ல் தெரியவந்தது.

விடையில் "புகை பூச்சியைக் கருப்பாக்கியது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

## மரபியல் நகர்வுக்கும் இயற்கைத் தேர்வுக்கும் என்ன வேறுபாடு?

இரண்டிலும் அல்லீல் விகிதம் மாறுகிறது. தேர்வில் மாற்றத்துக்குச் சூழல் சார்ந்த காரணம் இருக்கிறது. நகர்வில் குருட்டு வாய்ப்பு மட்டுமே இருக்கிறது, அதனால் நன்மை தரும் அல்லீல்கூடத் தொலைந்துபோகலாம். இனக்கூட்டம் சிறிதாக இருந்தால் நகர்வின் கை ஓங்கும்.

வடபகுதி யானைச்சீல் என்ற கடல் பாலூட்டியை நினைவில் வையுங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்டு மிகச் சில உயிரிகளே மிஞ்சின. இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஆனால் 1974-ல் வெளியான ஆய்வில் 24 மரபணு இடங்களைப் பார்த்தபோது ஓர் இடத்தில்கூட வேறுபாடு காணப்படவில்லை. எண்ணிக்கை மீண்டுவிட்டது, வேறுபாடு மீளவில்லை. இது குறுகுவாய் விளைவு. பெரிய கூட்டத்திலிருந்து சிலர் பிரிந்துபோய்ப் புதிய இடத்தில் குடியேறுவதால் நேர்வது நிறுவுநர் விளைவு. இரண்டுமே நகர்வின் வகைகள்தான். ஒன்றில் மற்றவை சாகின்றன, மற்றொன்றில் சில விலகிப்போகின்றன.

## நகர்வை வகுப்பில் மணிகளை வைத்துச் செய்து காட்டினோம். வரைபடம் எப்போதும் 0.5-ஐச் சுற்றியே ஆடுகிறதே?

ஒவ்வொரு தலைமுறைக்கும் பழைய பையிலிருந்தே எடுக்கிறீர்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான். சரியான முறை இப்படி:

உள்ளே தெரியாத துணிப்பையில் 50 சிவப்பு மணி, 50 வெள்ளை மணி போடுங்கள். பார்க்காமல் ஒரு மணியை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படி 20 முறை. ஒரு மணி ஓர் அல்லீல், ஓர் உயிரிக்கு இரண்டு அல்லீல், ஆகவே இது 10 உயிரிகள் கொண்ட ஒரு தலைமுறை. 20-ல் 13 சிவப்பு வந்தது என்றால் விகிதம் 0.65. அடுத்த தலைமுறைக்கு முன் பையை 65 சிவப்பு, 35 வெள்ளை என்று மாற்றி அடுக்க வேண்டும். மாற்றாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதல் தலைமுறையே திரும்பத் திரும்ப நடக்கிறது. நினைவில்லாத பையில் நகர்வு சேராது.

இரண்டாவது தவறு, எடுத்த மணியைத் திரும்பப் போடாமல் விடுவது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு குழுவைத் தலைமுறைக்கு 100 முறை எடுக்கச் சொல்லியிருந்தால், திரும்பப் போடாத அந்தக் குழுவுக்கு 50 சிவப்பும் 50 வெள்ளையும்தான் கிடைக்கும். பையில் இருந்ததே அவ்வளவுதானே!

மூன்றாவது, மணிகள் ஒரே அளவாக இல்லாதது. பெரிய மணி விரலில் முதலில் சிக்கும். அப்படி ஆனால் நீங்கள் காட்டுவது நகர்வு அல்ல, தேர்வு.

ஒரு தலைமுறையில் எவ்வளவு ஆட்டம் எதிர்பார்க்கலாம்? 20 முறை எடுத்தால் வழக்கமான விலகல் சுமார் 0.11, 100 முறை எடுத்தால் 0.05. ஒரு நிறம் முற்றிலும் மறைவதைக் காட்ட விரும்பினால் 20 முறை எடுப்பது சரிவராது. அதற்குச் சராசரியாக 28 தலைமுறை ஆகும், மணி அடித்துவிடும். தலைமுறைக்கு 8 முறை என்று வைத்துக்கொண்டால் சராசரியாக 11 தலைமுறையில் முடிந்துவிடும்.

அதே பையை வைத்துத் தேர்வையும் காட்டலாம். இரண்டிரண்டாக எடுத்து, வெள்ளை-வெள்ளை ஜோடி வந்தால் "பிறக்கவில்லை" என்று ஒதுக்கிவிடுங்கள். பெரிய இனக்கூட்டத்தில் வெள்ளையின் விகிதம் 1/2, 1/3, 1/4, 1/5 என்று இறங்கும். முதல் சில தலைமுறைகளில் சரசரவென்று குறைந்து, பிறகு ஆமை வேகத்துக்கு வந்துவிடும். ஒடுங்கு அல்லீல் (ஓங்கு அல்லீல் உடனிருந்தால் வெளியே தெரியாதது, இங்கே வெள்ளை) ஹெட்டிரோசைகஸ் உயிரிகளுக்குள், அதாவது இரு வேறு அல்லீல்கள் கொண்டவற்றுக்குள், ஒளிந்துகொள்வதே காரணம். பத்துத் தலைமுறைக்குப் பின்னும் 1/12 பங்கு மிஞ்சியிருக்கும்.

## ஹார்டி–வீன்பெர்க் சமநிலை இயற்கையில் இல்லவே இல்லை என்றால் அதை எதற்குப் படிக்க வேண்டும்?

அல்லீல் விகிதமும் ஜீனாக்க விகிதமும் (ஜீனாக்கம் என்பது ஓர் உயிரியின் அல்லீல் ஜோடி) தலைமுறைதோறும் மாறாமல் இருப்பதே அந்தச் சமநிலை. தராசின் பூஜ்யப் புள்ளி மாதிரி அது. எதுவும் நடக்காவிட்டால் எண்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்ல முடியும். 1908-ல் ஹார்டியும் வீன்பெர்க்கும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். நிபந்தனைகள் ஐந்து: சடுதிமாற்றம் இல்லை, இயற்கைத் தேர்வு இல்லை, மரபணு ஓட்டம் (இனக்கூட்டங்களுக்கிடையே அல்லீல்கள் போய்வருவது) இல்லை, இனக்கூட்டம் மிகப் பெரியது, இணைசேர்தல் தற்செயலானது. இந்தப் பட்டியலை நெட்டுருப் போடுவதைவிட, எந்த நிபந்தனை உடைந்தால் என்ன நடக்கும் என்று படிப்பது மேல். முதல் நான்கில் எது உடைந்தாலும் அல்லீல் விகிதமே மாறும். ஐந்தாவது மட்டும் உடைந்தால், உதாரணமாக நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ந்தால், அல்லீல் விகிதம் அப்படியே இருக்கும், ஜீனாக்க விகிதம் மட்டும் மாறும்.

## கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

எப்போதும் ஒடுங்கு பண்பு உள்ளவற்றிலிருந்து. ஏனென்றால் அவற்றின் ஜீனாக்கம் மட்டுமே பார்த்தவுடன் தெரியும்.

ஓங்கு அல்லீலின் விகிதம் பி, ஒடுங்கு அல்லீலின் விகிதம் கியூ, இரண்டும் சேர்ந்தால் 1. சமநிலையில் ஓங்கு ஹோமோசைகஸ் (இரண்டும் ஒரே அல்லீல்) பி², ஹெட்டிரோசைகஸ் 2பிகியூ, ஒடுங்கு ஹோமோசைகஸ் கியூ². 400 விலங்குகளில் 36 வெள்ளை, மற்றவை கருப்பு, வெள்ளை ஒடுங்கு பண்பு என்று வைத்துக்கொள்வோம். கியூ² = 36 ÷ 400 = 0.09. வர்க்கமூலம் எடுத்தால் கியூ = 0.3. ஆகவே பி = 0.7. ஹெட்டிரோசைகஸ் 2பிகியூ = 2 × 0.7 × 0.3 = 0.42, அதாவது 168 விலங்குகள். ஓங்கு ஹோமோசைகஸ் பி² = 0.49, அதாவது 196. சரிபார்க்க: 196 + 168 + 36 = 400.

வழுக்கும் இடங்கள் இரண்டு. 0.09-ஐயே கியூ என்று எடுத்துக்கொள்வது ஒன்று. 364 கருப்பு விலங்குகளை 400-ஆல் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைப் பி என்பது இன்னொன்று. கருப்பாக இருப்பவற்றில் ஹெட்டிரோசைகஸும் கலந்திருக்கின்றன, அதனால் அந்த வழி அடைபட்டது.

## அப்படிக் கணக்கிட்டபின் "இனக்கூட்டம் சமநிலையில் உள்ளது" என்று எழுதலாமா?

கூடாது. நல்ல மாணவர்களும் சறுக்கும் இடம் இது. மேலே உள்ள கணக்கில் சமநிலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் வர்க்கமூலம் போட்டோம். எடுத்துக்கொண்டதையே முடிவாக எழுதினால் வட்டத்தில் சுற்றுகிறோம். சமநிலையைச் சோதிக்க மூன்று ஜீனாக்கங்களையும் தனித்தனியே எண்ணியிருக்க வேண்டும்.

200 செடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு-சிவப்பு ஜீனாக்கம் 90, சிவப்பு-வெள்ளை 60, வெள்ளை-வெள்ளை 50. அல்லீல்கள் மொத்தம் 400. சிவப்பு அல்லீல் (90 × 2) + 60 = 240, ஆகவே பி = 0.6, கியூ = 0.4. சமநிலை இருந்தால் எதிர்பார்ப்பது 72, 96, 32. கை-வர்க்க மதிப்பு (எண்ணியதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டின் அளவு): 18²/72 + 36²/96 + 18²/32 = 4.5 + 13.5 + 10.125 = 28.125. கட்டின்மைக் கூறு, அதாவது சுதந்திரமாக மாறக்கூடிய வகுப்புகளின் எண்ணிக்கை, 1. மூன்று வகுப்புகளில் ஒன்றைக் கழித்து 2 என்று நிறுத்திவிடாதீர்கள். பி-யைத் தரவிலிருந்தே கணக்கிட்டதற்காக இன்னொன்றும் கழிய வேண்டும். 5 விழுக்காட்டு மட்டத்தில் எல்லை 3.84. 28.125 அதைத் தாண்டி எங்கோ நிற்கிறது, எனவே சமநிலை இல்லை.

எண்களை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஹெட்டிரோசைகஸ் 96 இருக்க வேண்டிய இடத்தில் 60-தான் இருக்கின்றன. செடிகள் தன் மகரந்தச் சேர்க்கை செய்கின்றனவா? அல்லது ஒன்றோடொன்று கலக்காத இரண்டு இனக்கூட்டங்களை ஒன்று என்று நினைத்துச் சேர்த்து எண்ணிவிட்டோமா? இரண்டுமே ஹெட்டிரோசைகஸைக் குறைத்துக் காட்டும். இரண்டாவது ஊகம் சிற்றினமாதலின், அதாவது புதிய சிற்றினம் பிரிவதன், வாசலில் கொண்டுபோய் விடுகிறது.

## சிற்றினம் என்றால் என்ன? ஒரே வரையறை போதாதா?

பள்ளி அளவில் எர்ன்ஸ்ட் மேயர் 1942-ல் முன்வைத்த உயிரியல் வரையறை போதும்: தமக்குள் இனப்பெருக்கம் செய்து வளமான வாரிசுகளை உருவாக்கக்கூடிய, மற்ற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்க அளவில் தனித்து நிற்கும் இனக்கூட்டங்கள். ‘வளமான’ என்ற சொல்லை விட்டால், குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் மலட்டுக் கோவேறு கழுதை வந்து விடையைக் கெடுத்துவிடும்.

தொல்லுயிர் எச்சங்களுக்கும் பாலிலா இனப்பெருக்கம் செய்யும் பாக்டீரியாக்களுக்கும் இந்த வரையறையைப் பொருத்த முடியாது. அங்கே உருவ அமைப்பையோ டி.என்.ஏ. ஒற்றுமையையோ வைத்துத்தான் பிரிக்கிறார்கள். உயிர்கள் கோடு போட்டுப் பிரிவதில்லை, கோடு நமக்குத்தான் வேண்டும்.

## தடைகளின் பட்டியல் நினைவில் நிற்பதில்லை. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இரு சிற்றினங்கள் கலக்காமல் தடுக்கும் தடைகள் இவை. ஒரு கேள்வி கேளுங்கள்: கருமுட்டை (கருவுற்ற முட்டை) உருவானதா?

உருவாகவே இல்லை என்றால் கருவுறுதலுக்கு முந்தைய தடை. ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்றால் வாழிடத் தடை. வேறு வேறு பருவத்தில் பூக்கின்றன என்றால் காலத் தடை. பாட்டோ நடனமோ மணமோ பிடிக்கவில்லை என்றால் நடத்தைத் தடை. உறுப்புகள் பொருந்தவில்லை என்றால் அமைப்புத் தடை. விந்து முட்டையை அடைந்தும் ஒட்டவில்லை என்றால் இனச்செல் தடை.

உருவானது என்றால் அடுத்து என்ன ஆனது என்று பாருங்கள். கலப்பினம் சீக்கிரம் இறந்ததா, மலடாக இருந்ததா, அல்லது அதன் பிள்ளைகள் தடுமாறினவா? இவை கருவுறுதலுக்குப் பிந்தைய தடைகள். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 32 + 31 = 63. இனச்செல்களை உருவாக்கும் செல்பிரிவான மியாசிஸின்போது இவை ஒழுங்காக ஜோடி சேர முடியாததால் சரியான இனச்செல்கள் அநேகமாக உருவாவதில்லை. உடல் வலுவில் கோவேறு கழுதைக்குக் குறையே இல்லை, மரபணு ஓட்டம் மட்டும் அங்கே நின்றுவிடுகிறது.

## நிலத்தடை வந்தாலே புதிய சிற்றினம் வந்துவிடுமா?

வராது. அல்லோபாட்ரிக் சிற்றினமாதல், அதாவது இடம் பிரிந்து நடக்கும் சிற்றினமாதல், மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலில் மலையோ ஆறோ கடலோ மரபணு ஓட்டத்தை நிறுத்துகிறது. பிறகு இரு பக்கமும் சடுதிமாற்றம், தேர்வு, நகர்வு மூன்றும் தனித்தனியே வேலை செய்கின்றன. கடைசியில், மறுபடி சந்தித்தாலும் சேர முடியாத அளவுக்கு வேறுபாடு சேர்ந்துவிடுகிறது. மூன்றாவது கட்டம் வராமல் தடை விலகினால் இரண்டும் திரும்பக் கலந்துவிடும்.

பனாமா நிலஇணைப்பு மெல்ல மெல்ல உயர்ந்து சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் முழுதாகப் பிரித்தது. இரு கரைகளிலும் சொடுக்கு இறால்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நெருங்கிய உறவு எதிர்க்கரையில். ஒரு ஜோடியிலிருந்து ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டால், பெரும்பாலும் இணைசேர்வதற்குப் பதில் கொடுக்கை உயர்த்திச் சண்டைக்கு நிற்கின்றன.

பிரிந்து வேறு வேறு சூழலில் வளர்ந்தால் தடை உருவாகத் தொடங்கும் என்பதைச் சோதனைக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். டயான் டாட் 1989-ல் வெளியிட்ட சோதனையில் பழ ஈக்களைப் பிரித்து, சிலவற்றை மாவுச்சத்திலும் சிலவற்றை மால்டோஸிலும் பல தலைமுறை வளர்த்தார். பிறகு ஒன்றாக விட்டபோது மாவு ஈ மாவு ஈயையும், மால்டோஸ் ஈ மால்டோஸ் ஈயையும் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தன. இணையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்துக்காக யாரும் அவற்றைத் தேர்வு செய்யவில்லை. உணவுக்கான தகவமைவின் பக்கவிளைவாக அது வந்தது.

## ஒரே இடத்தில் இருந்துகொண்டே சிற்றினம் பிரியுமா?

பிரியும். தாவரங்களில் இதற்குக் குறுக்குவழியே உண்டு, அது பன்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதியே பெருகுவது. ட்ராகோபோகன் என்ற பூச்செடியின் மூன்று சிற்றினங்கள் ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தன. மூன்றுக்கும் 12 குரோமோசோம். 1950-ல் ஓன்பி என்ற தாவரவியலாளர் அங்கே ஐரோப்பாவில் இல்லாத இரண்டு புதிய சிற்றினங்களை விவரித்தார். இரண்டுக்கும் 24 குரோமோசோம்.

நடந்ததைக் குரோமோசோம் கணக்காகவே பாருங்கள். இரண்டு பெற்றோரும் ஆளுக்கு 6 தர, கலப்பினத்துக்கு 12. எண் சரி, ஆனால் ஒரு பக்கத்து 6-க்கு மறுபக்கத்து 6 சரியான ஜோடி அல்ல. அதனால் மலடு. எங்கோ ஒரு பிழையில் தொகுதி முழுவதும் இரட்டித்து 24 ஆனால், ஒவ்வொன்றுக்கும் அச்சு அசலான துணை கிடைத்துவிடும். செடி வளமாகிவிடும். இனி அது பழைய பெற்றோருடன் கலந்தால் 12 + 6 = 18, திரும்பவும் ஜோடி இல்லாத குரோமோசோம்கள், திரும்பவும் மலடு. இரட்டித்த அந்தத் தருணத்திலேயே தடையும் வந்துவிட்டது. ரொட்டிக் கோதுமையின் 42 குரோமோசோம்களும் இதே வழியில் வந்தவை: 14 உள்ள புற்கள் கலந்து இரட்டித்து 28, அத்துடன் இன்னொரு 14 உள்ள காட்டுப்புல் கலந்து 21, அது இரட்டித்து 42.

விலங்குகளில் இது அரிது. அங்கே உணவு மாறுவது போன்ற வழிகள் உண்டு. வட அமெரிக்காவில் ஹாத்தார்ன் பழத்தில் முட்டையிட்டுவந்த ஓர் ஈயின் ஒரு பகுதி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆப்பிளுக்குத் தாவியது. ஈக்கள் தம் பழத்தின்மேலேயே இணைசேர்கின்றன, ஆப்பிளோ முன்னதாகவே பழுக்கிறது. இடமும் காலமும் ஒருசேர விலகுகின்றன. இவை இன்னும் தனிச் சிற்றினங்கள் என்று முழுதாகச் சொல்லும் நிலைக்கு வரவில்லை. "சிற்றினமாகிக்கொண்டிருப்பவை" என்று எழுதுங்கள்.

## ஒரு சிற்றினம் உருவாக எத்தனை ஆண்டு ஆகும்?

ஒரே எண் கிடையாது. பன்மடியச் செடிக்கு ஓரிரு தலைமுறை போதும். விக்டோரியா ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டு, பிறகு நிரம்பியது. அதில் இன்று அறியப்படும் சிக்லிட் மீன் சிற்றினங்கள் ஏறக்குறைய 500. சொடுக்கு இறால்களுக்கோ லட்சக்கணக்கான ஆண்டுகள்.

## வௌவாலின் இறக்கையும் பறவையின் இறக்கையும் அமைப்பொத்தவையா, செயலொத்தவையா?

எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முன்னங்கால் என்று பார்த்தால் அமைப்பொத்தவை. இரண்டிலும் மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள் இரண்டு, மணிக்கட்டு, விரல்கள் என்ற வரிசை பொது மூதாதையிடமிருந்து வந்தது. இறக்கை என்று பார்த்தால் செயலொத்தவை, ஏனென்றால் அந்த மூதாதை பறக்கவில்லை. வௌவால் நீண்ட விரல்களுக்கிடையே தோலை விரித்தது, பறவை கையில் இறகை முளைப்பித்தது. இரண்டையும் எழுதினால் எந்தத் திருத்துநரும் மதிப்பெண் குறைக்க முடியாது. பூச்சியின் இறக்கையோடு ஒப்பிடச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை, அது செயலொத்தது மட்டுமே.

## பரிணாம மரத்தைப் படிக்கும்போது என்ன தவறு நடக்கிறது?

நுனிகளின் வரிசையைப் படிப்பது. பல்லி, முதலை, பறவை என்று நுனிகள் இருந்தால், பல்லியும் முதலையும் பக்கத்தில் இருப்பதால் உறவு நெருக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். விரலை முதலையின் நுனியில் வைத்துக் கிளை வழியே பின்னால் நகர்த்துங்கள். முதலில் சேரும் கிளை பறவையுடையது. அப்படியானால் முதலைக்குப் பல்லியைவிடப் பறவையே நெருக்கம். எந்தக் கணுவையும் (கிளைகள் சேரும் இடத்தை) கதவுபோலத் திருப்பலாம். திருப்பினால் நுனி வரிசை மாறும், உறவு மாறாது.

## மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?

இன்றிருக்கும் எந்தக் குரங்கிலிருந்தும் மனிதன் வரவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் ஏறக்குறைய 60–70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது, இரண்டும் அதிலிருந்து கிளைத்தவை. சித்தப்பா பிள்ளை உயிரோடு இருப்பதால் நமக்குத் தாத்தா ஒருவரே என்பது பொய்யாகிவிடுமா?

சான்று கேட்டால் குரோமோசோமைச் சொல்லுங்கள். சிம்பன்சிக்கு 48, நமக்கு 46. நம்முடைய 2ஆம் குரோமோசோமின் நடுவில், நுனிகளில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை கிடக்கிறது. கூடவே, ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் என்ற இணைப்புப் பகுதியில், செயலிழந்த இரண்டாவது ஒன்றின் எச்சமும் உண்டு. இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டிய தழும்பு அது.

## "வெறும் கோட்பாடுதானே" என்றால்?

பேச்சு வழக்கில் ஊகத்தையும் கோட்பாடு என்கிறோம். அறிவியலில் சோதிக்கத்தக்க ஊகத்துக்குக் கருதுகோள் என்று பெயர். பல சான்றுகளை ஒருசேர விளக்கி, புதியதை முன்கூட்டிச் சொல்லும் விளக்கம்தான் கோட்பாடு. மீனுக்கும் நான்குகால் முதுகெலும்பிகளுக்கும் இடைப்பட்ட உயிரி எந்த வயதுப் பாறையில் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த வயதுப் பாறைகள் வெளியே தெரியும் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் தேடினார்கள். 2004-ல் டிக்டாலிக் என்ற தொல்லுயிர் எச்சம் கிடைத்தது, வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. செதிலும் துடுப்பும் மீனுடையவை. அசையும் கழுத்தும் துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் நான்குகால் முதுகெலும்பிகளை நினைவூட்டுபவை.

## கலப்பினத்திலிருந்து விலங்குகளில் புதிய சிற்றினம் வருமா?

மறுபடி டாஃப்னி மேஜர். 1981-ல் 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எஸ்பானோலா தீவிலிருந்து பெரிய கள்ளிக்குருவி ஆண் ஒன்று தனியாக வந்து சேர்ந்தது. திரும்பிப் போக வழியில்லை. உள்ளூர்ப் பெண்குருவியோடு இணைசேர்ந்தது. குஞ்சுகள் உள்ளூர்க் குருவிகளைவிடப் பெரியவை, ஆண்குஞ்சுகள் பாடியது அப்பனின் அந்நியப் பாட்டு. உள்ளூர்ப் பெண்கள் அந்தப் பாட்டுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. சில தலைமுறைகளுக்குள் அந்த வம்சம் தமக்குள்ளேயே இணைசேரத் தொடங்கி, சுமார் 30 குருவிகள் வரை பெருகியது. பாட்டு நடத்தைத் தடை, அலகின் அளவு உணவுத் தனிமை, இரண்டும் சேர்ந்து மரபணு ஓட்டத்தை நிறுத்தின. இதைத் தனிச் சிற்றினம் என்று அழைக்க ஆய்வாளர்கள் அவசரப்படவில்லை, வம்சம் என்றே குறிப்பிடுகிறார்கள். விடைத்தாளிலும் அதே சொல்லை எழுதி, எந்தத் தடை எந்தக் கட்டத்தில் வந்தது என்று காட்டுங்கள்.